டப்ளினில் வெள்ளிக்கிழமை ராத்திரி: டேலிமவுண்டா, டாலாவா?

டப்ளினுக்கு வேலைக்கு வந்திறங்கும் நம் ஆட்கள் வீடு கிடைத்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே போகலாம்?" என்பதுதான். நான் எப்போதும் சொல்லும் பதில்: முதலில் ஃபுட்பால் மேட்ச், அப்புறம் பாட்டு. அயர்லாந்தின் உள்ளூர் லீக் பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் வரை நடக்கிறது. பெரும்பாலான ஆட்டங்கள் வெள்ளி இரவு ஏழே முக்காலுக்கு. ஒன்பதரை, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் முடிந்துவிடும். வெள்ளியன்று பப்கள் பன்னிரண்டரை வரை திறந்திருக்கும். முழுசாக இரண்டரை மணி நேரம் கையில் நிற்கிறது. எந்த மைதானம், எந்தப் பப் என்று முடிவு செய்வதில்தான் ஆளுக்கு ஆள் சண்டை.

என் கணக்கில் மூன்று வழிகள் இருக்கின்றன. டெம்பிள் பாரில் உட்கார்ந்து பாட்டும் டிவியும் பார்ப்பது ஒன்று. வடக்கே டேலிமவுண்ட் மைதானத்தில் பொஹீமியன்ஸ் கிளப்பின் ஆட்டம், பிறகு காபிள்ஸ்டோன் பப் என்பது இரண்டாவது. தெற்கே டாலா மைதானத்தில் ஷாம்ராக் ரோவர்ஸ் கிளப்பின் ஆட்டம், பிறகு ஓடோனஹூஸ் பப் என்பது மூன்றாவது. மூன்றையும் பல முறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டெம்பிள் பாரை முதலில் முடித்துவிடலாம். லிஃபி ஆற்றின் தென்கரையில் கல் பாவிய சந்துகள், மதியத்திலிருந்தே மைக் வைத்துப் பாட்டு. பாடுகிறவர்கள் நல்ல திறமைசாலிகள். ஆனால் எதிரே இருக்கும் கூட்டம் மணிக்கொரு தடவை மாறிவிடுவதால், எல்லாருக்கும் தெரிந்த அதே பத்துப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருக்கிறது. ஒரு பைண்ட் பீர் பத்து யூரோவைத் தொட்டு நிற்கும். ஊரில் ஒரே ஒரு ராத்திரிதான் தங்கப் போகிறீர்கள், கூட ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், சத்தமும் கூட்டமும் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள்.

டிவியில் மேட்ச் பார்ப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இங்கிலாந்தின் லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், ஸ்காட்லாந்தின் செல்டிக் சட்டை போட்டவர்களைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. கப்பலேறி அந்த ஊர்களுக்கே போய் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்களும் ஏராளம். உள்ளூர் லீக் ரசிகர்கள் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'பார்ஸ்டூலர்', அதாவது பப்பின் உயர முக்காலியிலேயே உட்கார்ந்து ரசிகராக இருப்பவர். அந்த வார்த்தையில் நிஜமான கோபம் இருக்கிறது. அரை மணி நடை தூரத்தில் ஒரு கிளப் கூரை ஒழுக நிற்கும்போது, ஊர்க்காசு கடல் தாண்டிப் போகிறதே என்ற ஆற்றாமை அது. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. அதே சமயம் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க மனசு வரவில்லை. 1887-ல் செல்டிக் கிளப்பைத் தொடங்கியவரே அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து போன வால்ஃப்ரிட் என்ற துறவிதான். கிளாஸ்கோவில் பட்டினி கிடந்த ஐரிஷ் ஏழைக் குழந்தைகளுக்குச் சோறு போடக் காசு திரட்டுவதற்காகத் தொடங்கினார். அப்பன் வழியில் பிள்ளைக்கு வந்த பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

சரி, டேலிமவுண்டுக்கு வருவோம்.

அங்கே போகும் வழியே எனக்குப் பிடிக்கும். நகரின் நடுவிலிருந்து வடக்கே ஃபிப்ஸ்பரோ வரை அரை மணி நேர நடை. செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சந்து. விளக்குக் கம்பங்கள் மட்டும் கூரைகளுக்கு மேலே தெரியாவிட்டால் உள்ளே ஒரு மைதானம் இருப்பது புதியவருக்குத் தெரியாது. சந்துக்குள் நுழைந்து, சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு போனால், எதிர்ப்பக்கம் பழைய கான்கிரீட் படிகள் இருக்கும். இடுக்குகளில் புல் முளைத்து, ஆள் நிற்க அனுமதியில்லாமல் வெறிச்சோடிக் கிடக்கும். பின்னால் புனித பீட்டர் தேவாலயத்தின் கோபுரம். மழைத் தூறலில் விளக்கு எரியும்போது அந்தக் காலிப் படிகளைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும். 1957-ல் இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தை இங்கேதான் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நின்று பார்த்தார்கள். அயர்லாந்து தொடக்கத்திலேயே கோல் போட்டு, கடைசி நிமிடம் வரை முன்னிலையில் இருந்து, அந்தக் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கியது. இன்று இந்த மைதானத்தில் ஐயாயிரம் பேருக்குக்கூட இடமில்லை.

பாட்டுக்கும் இந்தப் புல்தரைக்கும் பழைய உறவு உண்டு. 1977-ல் டப்ளினின் சொந்த ராக் குழுவான தின் லிஸி இங்கே வாசித்தது. 1980 ஜூலையில் பாப் மார்லி வந்தார். அயர்லாந்தில் அவர் நடத்திய ஒரே நிகழ்ச்சி அதுதான். அந்த நினைவில் பொஹீமியன்ஸ் கிளப் 2019-ம் ஆண்டுச் சட்டையில் மார்லியின் முகத்தைப் போட்டது. பட உரிமைச் சிக்கல் வந்ததும் முகத்துக்குப் பதில் உயர்த்திய கைமுட்டியை வைத்தார்கள். சில வருடம் கழித்து முறையான அனுமதியோடு மார்லி மறுபடியும் சட்டைக்கு வந்தார். 2020-ல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியோடு சேர்ந்து 'அகதிகளே வருக' என்று எழுதிய சட்டை வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒருவனாக அந்தச் சட்டை போட்ட கூட்டத்துக்கு நடுவில் நிற்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

இதையெல்லாம் எப்படித் துணிந்து செய்கிறார்கள் என்றால், 1890-ல் தொடங்கிய இந்தக் கிளப்புக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள். மைதானத்தை மட்டும் 2015-ல் டப்ளின் மாநகராட்சி வாங்கியது. குறைகளும் உண்டு. சில இடங்களில் முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். கழிப்பறை பழசு. டிக்கெட் சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடுவதால் வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் ஏமாந்துதான் வர வேண்டும்.

ஆட்டம் முடிந்து தெற்கே இறங்கி நடந்தால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் ஸ்மித்ஃபீல்ட், அங்கே காபிள்ஸ்டோன். வாரம் முழுக்க இங்கே பாரம்பரிய இசை உண்டு. மேடை கிடையாது, மைக் கிடையாது. கதவைத் திறந்ததும் ஜன்னலோரம் ஒரு மூலை. அங்கே வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதற்குப் பெயர் செஷன். நான் கடைசியாகப் போனபோது இரண்டு ஃபிடில் (வயலின்தான்), ஒரு மரக் குழல், ஒரு பாஞ்சோ, மூலைச் சுவரில் சாய்ந்தபடி இல்லன் பைப்ஸ் வாசிக்கும் பெரியவர் ஒருவர். காற்றுப்பையை முழங்கையால் அமுக்கி வாசிக்கும் அந்தக் கருவியை அவர் கச்சைகட்டி மடியில் பொருத்துவதற்கே ஐந்து நிமிடமானது. ஒரு மெட்டை மூன்று தடவை வாசிப்பார்கள். மூன்றாவது சுற்று முடியும் நேரத்தில் ஃபிடில் வாசித்த பெண் லேசாகப் புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான், மொத்தக் குழுவும் நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவியது. யாரோ ஒருவர் "ஹப்!" என்று அடித்தொண்டையில் கத்தினார். அந்தத் தாவல்தான் விஷயமே. அதற்காகத்தான் போகிறேன்.

கேட்கப் போகிறவர்களுக்கும் சில பழக்கங்கள் உண்டு. மூலையில் காலியாக இருக்கும் முக்காலியில் உட்காரக் கூடாது, அது வாசிக்க வருகிறவருக்கு. தாளத்துக்குக் கை தட்டாமல் இருப்பது நல்லது. ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தால் மொத்தப் பப்பும் வாயை மூடிவிடும். அப்போது கிளாஸ் வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும்.

இந்தப் பப்பும் இல்லாமல் போகத்தான் இருந்தது. 2021-ல் இதைச் சுற்றியும் மேலேயும் ஒன்பது மாடி ஓட்டல் கட்ட விண்ணப்பம் போட்டார்கள். பப்பை நடத்தும் டாம் மல்லிகன் தலைமுறை தலைமுறையாக இசை வாசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். இசைக்காரர்களும் ரசிகர்களும் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊர் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி ஊர்வலம் போனார்கள். அந்த நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. வாசிக்கிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து காப்பாற்றிய மூலை அது.

ரோவர்ஸ் பக்கம் போனால் காட்சி முழுக்க வேறு. லூவஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் கடைசி வரை முக்கால் மணி நேரம் போனால் டாலா வரும். பெரிய ஷாப்பிங் மால், அகலச் சாலை, அதன் ஓரத்தில் சுத்தமான, புது ஸ்டேடியம். எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் ஆட்டம் பளிச்சென்று தெரியும். கூரை இருக்கிறது, மழைக்குப் பயமில்லை, சுமார் பத்தாயிரம் பேர் உட்காரலாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு டாலாதான். ஆட்டத்தின் தரத்துக்கும் அதுவே. 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை லீக்கை வென்ற அணி.

அந்தப் புதுமையைப் பார்த்துவிட்டு, இது உயிரில்லாத இடம் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். அது என் அறியாமை. ரோவர்ஸின் பழைய மைதானம் மில்டவுனில் இருந்தது. 1987-ல் அன்றைய உரிமையாளர்கள் அதை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அதற்கப்புறம் 22 வருடம் சொந்த இடமே இல்லை. ஊரிலுள்ள மற்ற மைதானங்களில் ஒண்டிக் குடித்தனம். பரம எதிரியான பொஹீமியன்ஸின் டேலிமவுண்டிலும் ஆடியிருக்கிறார்கள். 2005-ல் கடனில் மூழ்கவிருந்த கிளப்பை ரசிகர்களே கூட்டாகச் சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். பாதியில் நின்றுபோன டாலா கட்டடம் வழக்கையெல்லாம் தாண்டி எழுந்து, 2009-ல் முதல் லீக் ஆட்டம் நடந்தது. அதே கோடையில் ரியல் மாட்ரிட் வந்து ஆடியது. அந்தச் சட்டையில் கிறிஸ்டியானோ ரொனால்டோ இறங்கிய முதல் ஆட்டம் டாலாவில்தான். 2011-ல் ஐரோப்பா லீக்கின் குழுச் சுற்றுக்குப் போன முதல் ஐரிஷ் அணியும் ரோவர்ஸ்தான். பச்சை வெள்ளைப் பட்டைச் சட்டை போட்ட நரைத்த தலைகள், வெறும் இருக்கையைக்கூடத் தடவிப் பார்த்துவிட்டு உட்காருவதை அங்கே கவனித்திருக்கிறேன்.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கார்களிலும் டிராமிலும் கரைந்துவிடும். ஃபிப்ஸ்பரோவில் மைதானத்தை விட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பப். ஆட்டத்தைப் பற்றிய விவாதம் அங்கே தொடரும். டாலாவில் அந்தத் தெரு இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறை.

அதனால் ரோவர்ஸ் நண்பர்கள் நகரத்துக்குத் திரும்பி மெரியன் ரோவிலுள்ள ஓடோனஹூஸ் போவார்கள். 1960-களின் தொடக்கத்தில் லூக் கெல்லி, ரானி ட்ரூ முதலானவர்கள் சேர்ந்து வாசித்து 'த டப்ளினர்ஸ்' என்ற நாட்டுப்பாடல் குழுவாக உருவான இடம். சுவரில் அவர்கள் படங்கள். இன்றும் தினமும் செஷன் உண்டு. வாசிப்பு அருமை. ஆனால் இடம் நீளமாக, குறுகலாக இருக்கும். சரித்திரத்தைப் பார்க்க வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்வதால் வெள்ளி ராத்திரி பத்தரைக்கு உள்ளே போனால் ஃபிடில் தெரியாது, ஃபோனைத் தூக்கிப் பிடித்த கைகள்தான் தெரியும். செவ்வாய், புதனில் போனால் இதே பப் வேறு இடமாக இருக்கும்.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம். ஆல்கஹால் இல்லாத கின்னஸ் பீர் பெரும்பாலான பப்களில் கிடைக்கிறது, யாரும் வற்புறுத்துவதில்லை. கவனிக்க வேண்டியது 'ரவுண்ட்' வழக்கம்: கூட இருப்பவர் எல்லாருக்கும் வாங்கினால் அடுத்த முறை உங்கள் முறை. அதில் சேரவில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

டோல்கா பார்க்கின் ஷெல்போர்னையும் இன்சிகோரின் செயின்ட் பாட்ரிக்ஸையும் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். 2024-ல் லீக்கை வென்றதே ஷெல்போர்ன்தான். அவர்களுடைய மைதானங்களுக்கு நான் ஓரிரு முறைதான் போயிருக்கிறேன், அந்த அனுபவத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

தனியாகவோ ஒரு நண்பரோடோ போவதாக இருந்தால் என் ஓட்டு டேலிமவுண்டுக்கும் காபிள்ஸ்டோனுக்கும். பிள்ளைகளோடு போகிறீர்களா, டாலா. 2025 பிப்ரவரியில் பொஹீமியன்ஸும் ரோவர்ஸும் தேசிய ஸ்டேடியத்தில் மோதியபோது 33,000 பேருக்கு மேல் வந்தார்கள். பார்ஸ்டூலர்களில் ஒரு பங்கு முக்காலியை விட்டு எழுந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. டாலாவிலிருந்து திரும்பி வரும் அதே சிவப்புத் தடம் ஸ்மித்ஃபீல்டிலும் நிற்கிறது. போன கோடையில் டாலாவில் ஆட்டம் பார்த்துவிட்டு அங்கே இறங்கினேன். என்னோடு பச்சை வெள்ளை ஸ்கார்ஃப் போட்ட ஓர் அப்பாவும், பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும் மகளும் இறங்கினார்கள். காபிள்ஸ்டோன் வாசலில் அந்தப் பெண் ஸ்கார்ஃபைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, அதே பையிலிருந்து டின் விசில் என்ற சின்னத் தகரக் குழலை எடுத்தாள். மூலையில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அவளுக்குப் பக்கத்து முக்காலியில் இருந்த பாஞ்சோக்காரர் போட்டிருந்தது பொஹீமியன்ஸின் சிவப்பு கறுப்புச் சட்டை. "எத்தனை?" என்று கேட்டார். "இரண்டு ஒன்று" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ரீல் மெட்டைத் தொடங்கினார்.