ஏர் கூலரா, எக்சாஸ்ட் ஃபேனா? மழலையர் வகுப்பறைக்கு எது சரி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மழலையர் பள்ளி நடத்துபவர்கள் சித்திரை பிறந்ததும் கேட்கும் கேள்வி இது.

செலவு: ஃபேன் மலிவு, மின்சாரமும் 40 வாட் அளவுதான். கூலர் விலை பல மடங்கு. 150 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

குளிர்ச்சி: வறண்ட வெயிலில் கூலர் நன்றாக வேலை செய்யும். ஃபேன் நண்பகலில் வெளி அனலையும் உள்ளே இழுத்துவிடும்.

காற்று: முப்பது பிள்ளைகள் மூச்சுவிடும் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு). அறையில் 1000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். பிள்ளைகள் தூங்கி வழிந்தால் பாடத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருந்தால் ஃபேன் அந்தக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிடும். கூலரை அறை மூலையில் வைத்துக் கதவைச் சாத்தினால் ஈரப் புழுக்கம்தான் மிச்சம்.

பராமரிப்பு: ஃபேனில் தூசி துடைத்தால் போதும். கூலருக்கு போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரில் நனையும் பேடு (காற்றைக் குளிர்விக்கும் தடுப்பு) வெள்ளை பூத்துக் கெட்டியாகிவிடும். தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்க்காவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு குடியேறும்.

ஓசூர்க் குளுமைக்கு ஃபேனே போதும். அரூர், ஊத்தங்கரை வெயிலுக்குக் கூலரை ஜன்னலுக்கு வெளியே பொருத்துங்கள். தொட்டி கழுவ ஆள் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.