என்எஃப்கியூ, ஸ்கேப்பி: பொதியை வழியில் மாற்ற நல்ல சோடி

கொழும்பில் பணம் செலுத்தும் செயலி எழுதுகிறவர்கள், சேவரிலிருந்து பிழையான பதில் வந்தால் நிரல் தாங்குமா என்று பார்க்கக் காசு கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை. பொதிகளை (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டுகளை) கியூவில் நிறுத்தி நிரலிடம் கொடுக்கும் லினக்ஸ் கேர்னலின் என்எஃப்கியூவும், அந்தக் கியூவைப் படிக்க ஒரு பைதன் நூலகமும், பொதியைப் பிரித்துத் திருத்தும் பைதனின் ஸ்கேப்பியும் போதும்.

லினக்ஸின் பொதி வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் ஒரே விதி: இன்புட் சங்கிலி (உள்ளே வரும் பொதிகள்), டிசிபி, மூலப் போர்ட் 8080 (சேவர் பதில் அனுப்பும் போர்ட்), இலக்கு என்எஃப்கியூ, கியூ எண் 1. பொதி நிரலின் கைக்கு வரும், திருத்தி விடலாம்.

இடறுவது இங்கேதான். தரவைத் தொட்டதும் ஐபி நீளம், ஐபி செக்சம் (தரவு பிழையா என்று பார்க்கும் எண்), டிசிபி செக்சம் மூன்றையும் அழியுங்கள். ஸ்கேப்பி புதிதாகக் கணக்கிடும். பழைய டிசிபி செக்சம் இருந்தால் கேர்னல் பொதியைச் சத்தமில்லாமல் வீசிவிடும். பதிலில் 200 (சரி) என்பதை 500 (சேவர் பிழை) ஆக்கலாம், நீளம் ஒன்றே. ஒரு எழுத்துக் கூடினாலும் டிசிபி வரிசை எண்கள் குழம்பி இணைப்புத் தொங்கும். இது பலரின் அரை நாளைத் தின்னும்!

நிரல் ஓடாவிட்டால் பொதிகள் எல்லாம் விழும்; விதியில் கியூ-பைபாஸ் தெரிவைச் சேர்த்தால் கடந்து போகும். தூரத்துச் சேவரில் நீங்கள் உள்நுழையும் எஸ்எஸ்எச் போர்ட் 22ஐத் தொடவே வேண்டாம்.

டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு) உள்ளடக்கம் இதில் தெரியாது, அதற்கு மிட்ம்பிராக்ஸி என்ற இடைநிலைக் கருவி. வேகமும் குறைவு, சுமைச் சோதனைக்கு உதவாது.