விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்: மூன்று வழிகளும் அவற்றின் விலையும்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்துக்கொள்ள இன்று மூன்று வழிகள் உள்ளன. வட்டைப் பிரித்து இரண்டையும் தனித்தனியே நிறுவி, கணினியை இயக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது டூயல் பூட். விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளால் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டுவது இரண்டாவது. லினக்ஸ் நிரல்களை விண்டோஸுக்குள் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தானே தரும் டபிள்யூ.எஸ்.எல். என்னும் துணையமைப்பு மூன்றாவது. கணினியில் ராம் எவ்வளவு இருக்கிறது, லினக்ஸில் நமக்கு வேண்டியது முழு டெஸ்க்டாப்பா, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் வெறும் டெர்மினலா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் தேர்வு பெரும்பாலும் தானே முடிந்துவிடும்.

மெய்நிகர் கணினியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ராம் 4 ஜி.பி.; லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்குப் பரிந்துரைக்கப்படுவதும் 4 ஜி.பி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் 8 ஜி.பி. மடிக்கணினியில் பிரவுசரைத் திறக்கக்கூட இடம் மிஞ்சாது. ஆனாலும் லினக்ஸை முதன்முறையாகத் தொட்டுப் பார்ப்பவருக்கும், எதையாவது உடைத்துப் பார்த்துவிட்டு ஸ்னாப்ஷாட் மூலம் பழைய நிலைக்குத் திரும்ப நினைப்பவருக்கும் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

டபிள்யூ.எஸ்.எல். 2016-இல் வந்தபோது அதில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே கிடையாது. லினக்ஸ் நிரல்களின் சிஸ்டம் கால்களை (இயங்குதளத்திடம் நிரல் விடுக்கும் கோரிக்கைகளை) விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றித் தரும் ஓர் இடையடுக்காக மட்டுமே அது இருந்ததால், நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் டாக்கர் போன்றவை அதில் ஓடவில்லை. 2020 மே மாதம் விண்டோஸ் 10-இன் ‘2004’ என்ற எண்ணுள்ள பதிப்போடு வெளியான இரண்டாம் தலைமுறை, உண்மையான கெர்னலையே ஒரு சிறிய மெய்நிகர் கணினிக்குள் வைத்து ஓட்டுகிறது. டெர்மினலிலேயே நாளைக் கழிக்கும் நிரலாளர், 16 ஜி.பி. ராம் கையில் இருந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை உண்டு: திட்டக் கோப்புகளை சி டிரைவில் போட்டுவிட்டு லினக்ஸிலிருந்து திறக்கக் கூடாது. இரு கோப்பு முறைமைகளுக்கு நடுவே ஒவ்வொரு கோப்பும் கடந்து வர வேண்டியிருப்பதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட திட்டத்தில், நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கட்டளைகூட இழுக்கும். லினக்ஸின் ஹோம் அடைவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. டபிள்யூ.எஸ்.எல்.-இன் மெய்நிகர் வட்டுக் கோப்பு பெரிதாகிக்கொண்டே போகும் என்பதையும், உள்ளே கோப்புகளை அழித்தாலும் அது தானாகச் சுருங்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

டூயல் பூட்டில்தான் லினக்ஸுக்கு முழு வன்பொருளும் கிடைக்கிறது. மற்றொரு இயங்குதளம் அப்போது ஓடாததால் ராமில் பங்கு கேட்க ஆளில்லை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தபின், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாததால் 11-க்கு மாற முடியாத பழைய கணினிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதையே: அன்றாட வேலைக்கு லினக்ஸ், தவிர்க்க முடியாத ஓரிரு மென்பொருள்களுக்கு மட்டும் இணையம் துண்டிக்கப்பட்ட விண்டோஸ்.

ஆனால் இதற்கான முன்வேலைகள் மற்ற இரண்டைவிட அதிகம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை முதலில் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் ஷட் டவுன் செய்த பிறகும் விண்டோஸ் பார்ட்டிஷன் (வட்டுப் பகுதி) அரைத்தூக்கத்திலேயே இருக்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில், நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் நீலத்திரை வரக்கூடும் என்பதால், அந்த எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கடிகாரச் சிக்கல் ஆபத்தற்றது, எரிச்சலூட்டுவது. மதர்போர்டின் கடிகாரத்தில் உள்ளது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்புகிறது. லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. அதனால் இந்தியாவிலும் இலங்கையிலும் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். இரண்டில் ஏதேனும் ஒன்றின் அமைப்பை மாற்றினால் போதும். இரண்டையும் மாற்றினால் பழைய கதைதான்.

முன்வேலை எல்லாம் முடித்தவரையும் 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்பு விட்டுவைக்கவில்லை. பழைய, பாதுகாப்புக் குறையுள்ள பூட்லோடர்களை (இயங்குதளத்தைத் துவக்கும் நிரல்களை) தடுக்க வந்த அந்த மாற்றம் டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருந்தது. ஆயினும் சில டூயல் பூட் கணினிகளை அது அடையாளம் காணத் தவறியதால் லினக்ஸ் துவங்காமல் போனது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. இரண்டாவது எஸ்.எஸ்.டி. பொருத்த இடமுள்ள கணினியில் லினக்ஸை அதன் பூட்லோடரோடு தனி வட்டில் வைப்பது பல தலைவலிகளைக் குறைக்கும். இதுபோன்ற தடையை மட்டும் அதுவும் தவிர்க்காது, ஏனெனில் அது வட்டில் அல்ல, மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்படுகிறது.

நிறுவுவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு நீக்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டூயல் பூட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிட்டால், துவக்க வரிசையில் முதலில் நிற்கும் கிரப் என்னும் லினக்ஸ் பூட்லோடர் தன் அமைப்புக் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் கருப்புத் திரையில் நின்றுவிடும்; எனவே அழிப்பதற்கு முன்பே மதர்போர்டின் யூ.இ.எஃப்.ஐ. என்னும் துவக்க அமைப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். டபிள்யூ.எஸ்.எல்.-இல் ஒரு கட்டளையிலேயே எல்லாம் நீங்கிவிடும். உள்ளே இருக்கும் கோப்புகளும் உறுதி கேட்கப்படாமலேயே அதோடு போய்விடும்.