ஓவனா, அடுப்பா, வெறுங்கையா? பிள்ளைகளோடு செய்யும் கச்சான் பழ பார்

ஹட்டன், பண்டாரவளை சூப்பர் மார்க்கெட்டுகளில் ஓட்ஸ் பாரும் நட்ஸ் பாரும் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். உறையைத் திருப்பிப் பொருட்பட்டியலைப் படித்தால், பலவற்றில் சீனியோ குளுக்கோஸ் பாகோ முன்வரிசையிலேயே நிற்கும். வீட்டில் செய்தால் அதையாவது நம் இஷ்டத்துக்குக் குறைக்கலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை ஆகும்.

வீட்டில் செய்ய மூன்று வழி உண்டு. ஓட்ஸையும் பழத்தையும் பிசைந்து ஓவனில் வேகவைப்பது ஒன்று. கித்துள் பாணியைக் காய்ச்சி, வறுத்த கச்சானையும் எள்ளையும் கொட்டிக் கிளறித் தட்டில் பரப்புவது இன்னொன்று. கடலை மிட்டாய்க்கு இது அக்கா முறை. மூன்றாவது வழிக்கு அடுப்பே பெரிதாக வேண்டாம், பேரீச்சம்பழத்தை மசித்து மற்றதைச் சேர்த்து அமுக்கினால் போதும்.

மூன்றிலும் போகிற கச்சான் ஒன்றுதான். எது அதிகச் சத்து என்று மல்லுக்கட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. பிள்ளையோடு சேர்ந்து செய்வதென்று இறங்கிவிட்டால், பிள்ளையின் கை எவ்வளவு நேரம் வேலைக்குள் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கித்துள் பாணி கடைசிக்குப் போய்விடுகிறது. ருசியில் அதுதான் முதலாவது என்பதால் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏன் கடைசி? காய்ச்சிய பாகு கொதிநீரை விடச் சூடானது, தோலில் பட்டால் வழிந்தோடாமல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கச்சானைக் கொட்டிய பிறகு ஓரிரு நிமிடத்துக்குள் பரப்பி அமுக்கிவிட வேண்டும். அந்த அவசரத்தில் குட்டிக் கைகளுக்கு இடமில்லை. ஆகவே பெரியவர் செய்வார், பிள்ளை எட்ட நின்று பார்க்கும்.

இந்த முறைக்கு மலைநாட்டில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. யூடியூபில் பார்த்து வெப்பமானி வைத்துப் பாகு காய்ச்சுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பாகின் பதமும் அதே அளவு கீழே இறங்கும். கொழும்பில் 118 பாகையில் வருகிற உருட்டுப் பதம் நுவரெலியாவில் 112 அளவிலேயே வந்துவிடும். வெப்பமானி 118 காட்டும்வரை காத்திருந்தால் பாகு முற்றி, பல்லை உடைக்கிற பாறைதான் கிடைக்கும். 300 மீட்டருக்கு ஒரு பாகை குறைத்துக்கொள்வது தோராயக் கணக்கு. கண்டிக்குக் குறைக்க வேண்டியது இரண்டு பாகைகூட வராது. இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பவர்கள் பழைய வழிக்கே போகலாம்: கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பது. எந்த மலைக்குப் போனாலும் அந்தச் சோதனை பொய்க்காது.

இனிப்புக் கணக்கிலும் பாணிக்குச் சலுகை கிடையாது. ஒரு கப் பாணியில் செய்த தட்டைப் பதினாறாக வெட்டினால் ஒரு துண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி பாணி. உலக சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்தச் சொல்லும் சீனி வகைக்குள் தேனும் பாணியும் அடக்கம். ஒரு நாள் சக்தியில் அவை 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 வீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது அது. முழுப் பழத்திலும் உலர்பழத்திலும் இயற்கையாக உள்ள இனிப்பு அந்த வகைக்குள் வராது. அதற்காகப் பேரீச்சம்பழத்தை இனிப்பில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், நார்ச்சத்தும் கூடவே வருகிறது என்பதுதான் வித்தியாசம். கித்துளை அடியோடு விடவும் மனம் வராது. அந்தப் புகை மணத்துக்காக ஒரு மேசைக்கரண்டியை மட்டும் மற்ற இரண்டு முறைகளிலும் கலந்துவிடலாம்.

ஓவன் முறைக்கு வருவோம். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டு, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் ஒரு கப், ஓட்ஸ் இரண்டு கப், வறுத்து ஒன்றிரண்டாக இடித்த கச்சான் முக்கால் கப், எள் இரண்டு மேசைக்கரண்டி, உலர் திராட்சை ஒரு பிடி, உருக்கிய பட்டர் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து, எண்ணெய்க் கடதாசி விரித்த தட்டில் அழுத்தி, 170 பாகையில் 25 முதல் 30 நிமிடம். பட்டியலைப் பாருங்கள், ஓவன் கதவைத் திறக்கும்வரை சூடான வேலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. வாழைப்பழத்தை மசிப்பது, பேரீச்சையைப் பிய்த்துக் கொட்டை தேடுவது, கப்பால் அளப்பது, கடைசியில் கரண்டியின் முதுகால் அமுக்குவது எல்லாம் பிள்ளைகள் வேலை. வறுத்த கச்சானை ஆறவைத்துக் கொடுத்தால் கையால் தேய்த்துத் தோல் உரிப்பார்கள். பிறகு சுளகில் போட்டு ஊதட்டும். வீடெல்லாம் தோல் பறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டு நிலத்தில் கேக் சுடுகிறவர்களுக்குப் பேக்கிங் பவுடரைக் குறைக்கிற தலைவலி உண்டு. இதில் பொங்குகிற சமாசாரமே இல்லாததால் அது வராது. ஆனால் ஓவன் எத்தனை வீட்டில் இருக்கிறது? லயத்தில் விறகடுப்பு, மிஞ்சினால் ஒரு கேஸ் குக்கர். இந்த ஒரு தட்டுக்காக ஓவன் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அடிகனமான சட்டிக்குள் ஒரு வளையம் வைத்து, அதன்மேல் தட்டை ஏற்றி, இறுக மூடிச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் விட்டாலும் வெந்துவிடும். மேல்பக்கம் சிவக்காது, அவ்வளவுதான். ஓவன் உள்ளவர்கள் அதே சூட்டில் நான்கு உருளைக்கிழங்கையும் உள்ளே தள்ளினால் கரண்ட் செலவுக்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

வெறுங்கை முறையில் 250 கிராம் பேரீச்சை, 150 கிராம் வறுத்த கச்சான், வறுத்து நொறுக்கிய அவல் ஒரு கப். பேரீச்சை காய்ந்து கிடந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து நன்றாக வடிக்க வேண்டும். எல்லாவற்றையும் உரலிலோ மிக்ஸியிலோ சேர்த்து இடித்துத் தட்டில் அமுக்குங்கள். கொழும்பில் என்றால் இதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் இறுகும். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் மேசையில் மூடி வைத்தாலே மாலைக்குள் வெட்டுகிற பதம் வந்துவிடும். நாலு வயதுப் பிள்ளைகூட ஆரம்பம் முதல் முடிவு வரை கூட இருக்கக்கூடிய முறை இது ஒன்றுதான். செலவு பேரீச்சையில்தான் ஏறும். நோன்பு மாதத்தை ஒட்டிக் கடைகளில் நிறைய வரும்போது வாங்கி வைப்பது புத்தி.

திரிபோஷாவில் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உருண்டையாகப் பிடிக்க அது அருமையான மா. ஆனால் கிளினிக்கில் ஒரு பிள்ளையின் எடைக்காகக் கொடுத்த பொதியை வீட்டார் எல்லோருக்கும் பார் ஆக்கிப் பங்குபோடுவது சரியில்லை.

கஜுவா கச்சானா என்பதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. 100 கிராம் கச்சானில் 25 கிராம் அளவு புரதம், கஜுவில் 18 அளவு, விலையோ தலைகீழ். மொனராகலைப் பக்கக் கச்சான் கிடைத்தால் வாங்குங்கள். ஈரக்காற்றில் கச்சான் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். கசக்கிற, நிறம் மாறிய பருப்பை வறுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பூஞ்சண நஞ்சு வறுப்பதால் முழுதாகப் போகாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும், இடித்தே சேர்க்க வேண்டும். ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

நுவரெலியா ஸ்ட்ராபெரியைப் போடலாமே என்று ஆசை வரும். அதில் நீர் அதிகம், பார் சொதசொதத்துவிடும். வெலிமடைப் பேரிக்காயைத் துருவி, நீர் வற்ற வதக்கி, ஓவன் முறையில் ஒரு வாழைப்பழத்துக்குப் பதிலாகச் சேர்த்தால் நன்றாக வரும்.

ஆக, பள்ளிக்குப் போகாத வாண்டுகளென்றால் வெறுங்கை முறை. ஏழெட்டு வயதுக்கு மேல் ஓவன் முறைதான் என் தெரிவு. அளப்பதும் காத்திருப்பதும் அவர்களுக்குப் பிடிக்கும். கித்துள் தட்டைச் சித்திரைப் புத்தாண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாகு பெரியவர் கையில், சுளகு பிள்ளைகள் கையில்.

வெட்டும்போது கித்துள் தட்டில் சூடாக இருக்கையிலேயே கோடு போட வேண்டும். ஓவன் தட்டு முழுக்க ஆறும்வரை கத்தி படக்கூடாது, பட்டால் உதிரும். பேரீச்சைத் தட்டுக்கு ஈரக் கத்தி. வைப்பில் வாழைப்பழம் சேர்ந்தது வெளியே இரண்டு நாள்தான் தாங்கும், பேரீச்சைத் துண்டு ஒரு வாரம் வரும். கித்துள் துண்டு மழை மாதங்களில் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், காற்றுப் புகாத டின்னில் கடதாசி இட்டு அடுக்குங்கள். பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதானால் வகுப்பில் கச்சான் ஒவ்வாத பிள்ளை உண்டா என்று டீச்சரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். உண்டென்றால் கச்சானை எடுத்துவிட்டு வறுத்த பூசணி விதை போடலாம், அதற்கென்று கழுவிய வேறு தட்டில்.