விழித்திரையைப் பார்க்கும் கருவிகள்: எது எதுவரை எட்டும்?

கண்ணின் பின்புறத்தை ஆராய இன்று பல கருவிகள் இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய முதல் இணை பழைய இரண்டுதான். ஒன்று, நோயாளியின் முகத்தை ஒட்டிக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் நேரடி ஆப்தல்மாஸ்கோப். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை 1851இல் வெளியிட்டார். மற்றொன்று, விளக்கைத் தலையில் மாட்டி, கையில் ஒரு லென்ஸை ஏந்திப் பார்க்கும் மறைமுக ஆப்தல்மாஸ்கோப். இதன் இன்றைய இருகண் வடிவம் 1940களில் கண் மருத்துவர் சார்லஸ் ஷெப்பன்ஸ் உருவாக்கியது.

நேரடிக் கருவியின் பலம் உருப்பெருக்கம். ஏறத்தாழ 15 மடங்கு பெரிதாக, தலைகீழாகாத பிம்பத்தை அது தருவதால், பார்வை நரம்பின் முகப்பு வீங்கியிருக்கிறதா, குழிந்திருக்கிறதா என்பதை நன்றாகப் பார்க்க முடிகிறது. தலைவலியோடு வருபவருக்கு மூளையில் அழுத்தம் கூடியிருக்குமோ என்று ஐயுறும் பொது மருத்துவருக்கு, சட்டைப்பையில் அடங்கும் இந்தக் கருவி பேருதவி. ஆனால் ஒரு நேரத்தில் அது காட்டுவது 5 பாகை அளவு மட்டுமே, ஆழமும் தெரியாது, கிட்டப்பார்வை அதிகமுள்ள கண்ணில் அந்தப் பரப்பு இன்னும் சுருங்கிவிடும்.

மறைமுகக் கருவியில் 20 டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) லென்ஸைப் பயன்படுத்தினால் உருப்பெருக்கம் 3 மடங்குதான் கிடைக்கும். பிம்பமோ மேல்கீழாகவும் இடவலமாகவும் மாறித் தெரியும் என்பதால், கற்றுக்கொள்பவர்கள் தொடக்கத்தில் திணறுவது இயல்பு. இத்தனை இடரையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்குக் காரணம், ஒரே பார்வையில் 45 பாகைப் பரப்பு ஆழத்தோடு தெரிவதும், வலுவான வெளிச்சம் லேசான கண்புரையையும் இரத்தக்கசிவையும் ஊடுருவுவதும்தான். அதைவிட முக்கியமாக, கண்ணின் வெளிச்சுவரைச் சிறு கருவியால் மெல்ல அழுத்தினால் விழித்திரையின் கடைசி விளிம்பும் பார்வைக்குள் வந்துவிடும். விழித்திரை பிரிவதற்கு வழிவகுக்கும் கிழிசல்கள் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் ஏற்படுகின்றன. பிரிவதற்கு முன்பே கண்டுபிடித்தால் லேசர் கொண்டு அவற்றைச் சுற்றி ஒட்டவைத்துவிடலாம். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பரிசோதனையிலும் நீண்டகாலமாக அளவுகோலாக இருப்பது இந்தக் கருவியே.

ஸ்லிட் லேம்ப் எனப்படும், மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சும் மேசை நுண்ணோக்கியின் முன்னால் 90 டயாப்டர் லென்ஸைப் பிடித்துப் பார்க்கும் முறை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விழித்திரையின் மையப்பகுதியை ஆழத்தோடு நுணுகிப் பார்க்க அது சிறந்தது. ஆனால் நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்தாக வேண்டும்.

விழித்திரையைப் படம்பிடிக்கும் ஃபண்டஸ் கேமராவின் பெருமை, அது சாட்சியை விட்டுவைப்பது. பயிற்சி பெற்ற பணியாளர் எடுக்கும் படத்தை வேறோர் ஊரிலுள்ள மருத்துவர் பார்க்கலாம், அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிடலாம் என்பதால், சர்க்கரை நோயாளிகளைப் பெருமளவில் பரிசோதிப்பதற்கு அதுவே ஏற்றது. 1991இல் அறிமுகமான ஓசிடி என்னும் ஒளிவழி ஸ்கேன், விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாக மைக்ரான் கணக்கில் காட்டுகிறது. மையத்தில் நீர் கோத்திருப்பதை இவ்வளவு துல்லியமாக அளக்க மற்றவற்றால் இயலாது. ஆயினும் வழக்கமான கேமராவும் ஓசிடியும் மையத்தையும் அதைச் சூழ்ந்த பகுதியையுமே பதிவு செய்கின்றன. 200 பாகை வரை படமெடுக்கும் புதிய கேமராக்களிலும் இமைமுடி மறைப்பதால் மேல், கீழ் ஓரங்கள் விடுபடக்கூடும்.

ஆகவே, கண்ணில் திடீரென மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகளோ மிதக்கும் கரும்புள்ளிகளோ தோன்றினால், அது ஓரத்தில் ஏற்பட்ட கிழிசலின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், கேமராப் படம் சரியாக இருக்கிறது என்று கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். சொட்டு மருந்திட்டுக் கண்ணின் பாவையை விரித்து, மறைமுகக் கருவியால் விளிம்புவரை பார்க்கும்படி அன்றே கேளுங்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது.