மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்: நான்காவதாக எது?

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்பட மூன்று வகை மருந்துகளை, உடல் தாங்கும் முழு அளவில் எடுத்தும் பிரஷர் இலக்குக்கு இறங்கவில்லையா? நான்காவது மாத்திரைக்குப் போகும் முன், ஏறியிருப்பது உண்மையான பிரஷர்தானா என்று பார்த்துவிட வேண்டும். கைக்குச் சிறிய பட்டை கட்டினாலே அளவு கூடத்தான் காட்டும். விட்டுப்போன வேளைகள், மூட்டுவலிக்குத் தினமும் போடும் இபுப்ரோஃபென், டாக்டரைப் பார்த்ததும் வரும் படபடப்பு எல்லாமே ஏமாற்றும்.

இதை உறுதிசெய்ய வீட்டுக் கருவியா, நாள் முழுக்கக் கையில் கட்டி அளக்கும் 24 மணி நேரக் கருவியா? முதல் தடவை 24 மணி நேரக் கருவிதான் என் தேர்வு. தூக்கத்திலும் பிரஷர் இறங்காமல் நிற்பதை அது காட்டிக்கொடுக்கும். அதில் சராசரி 130/80-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வீட்டில் அளந்தால் எல்லை 135/85. அப்புறம் மாதக்கணக்கில் கண்காணிக்க வீட்டுக் கருவியே போதும்.

சரி, நான்காவது மருந்து. 2015-ல் வெளியான பாத்வே-2 ஆய்வு இந்தப் போட்டியை நேராகவே நடத்தியது. ஸ்பைரனோலாக்டோன், பைசோபிரோலால், டாக்ஸாசோசின், வெற்று மாத்திரை நான்கையும் ஒரே நோயாளிகளுக்கு மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் 12 வாரம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரையைவிட ஸ்பைரனோலாக்டோன் மேல் அளவைச் சராசரியாக 8.7 புள்ளி கூடுதலாக இறக்கியது. மற்ற இரண்டும் அதில் பாதியளவுதான். உப்பையும் நீரையும் உடலில் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஸ்பைரனோலாக்டோன் தடுக்கிறது. அடங்காத பிரஷர் பலருக்கு அந்தத் தேக்கத்தால்தான் வருகிறது.

அதற்காக எல்லோருக்கும் அதுவே என்று சொல்ல மாட்டேன். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கலாம், பலர் இதை வெட்கப்பட்டுச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. எப்லெரினோன் மார்பை அவ்வளவாகத் தொடாது, ஆனால் வீரியம் குறைவு. அமிலோரைடு, 2025-ல் வந்த ஒரு கொரிய ஆய்வில் ஸ்பைரனோலாக்டோனுக்குச் சளைக்கவில்லை. பொட்டாசியக் கவலை மட்டும் இதிலும் உண்டு. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு பைசோபிரோலாலும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு டாக்ஸாசோசினும் கூடுதல் பலன் தரும். டாக்ஸாசோசின் எடுத்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம்.

சிறுநீரக நரம்புகளைச் சுடும் சிகிச்சையும் களத்தில் இருக்கிறது. 2014-ல், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில் அது தோற்றது. கருவிகள் மேம்பட்டு, 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. இறக்கம் மிதமானதுதான், மாத்திரையும் பெரும்பாலும் தொடரும். அதனால் எனக்கு அது கடைசி வரிசையில்தான்.

ஸ்பைரனோலாக்டோனை எழுதும் முன் ஆல்டோஸ்டிரோன்–ரெனின் ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் அந்த முடிவைப் படிப்பது கடினம். ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஒன்றில் மட்டும் கட்டி இருந்து, அது அளவுக்கு மீறிச் சுரந்தால், அதை அறுவை செய்து எடுத்தே பலருக்குப் பிரஷர் இறங்கிவிடுகிறது.