செம்பியும் எட்டடிப் பாலமும்: குதிரைத் தடைப் பயிற்சி முகாம், என் அனுபவம்

பாலம்னா ஆத்துப் பாலம் இல்லைங்க. எட்டடி நீளம், நாலடி அகலம், தரையில இருந்து ஒரு சாண் உசரம். பலகை அடிச்ச ஒரு மேடை, அவ்வளவுதான். அதுக்கு முன்னால என் குதிரை செம்பி நாப்பது நிமிஷம் நின்னா. முன்னங்காலை ஒரு தடவை வெச்சா, "டொம்"னு சத்தம் கேட்டுச்சு, எடுத்துட்டா. அப்புறம் பின்னாலயே போய் வேலியில முட்டுனதுதான் மிச்சம்.

கோபிச்செட்டிபாளையத்துல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கேன். செம்பியை மூணு வருசம் முன்னால அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர் சந்தையில வாங்குனேன். கத்தியவார் இனக் கலப்பு, காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சிருக்கும், அறுபது இன்ச் உசரம். வித்தவரு ரேக்ளா வண்டியில கட்டிப் பழக்கியிருந்தாரு. நான் வண்டி ஓட்டறதில்லை, ஞாயித்துக்கெழமை வாய்க்கா மேட்டுல ஏறிப் போறதோட சரி. அந்த மாதிரி ஆளு ரெண்டு நாள் தடைப் பயிற்சி முகாமுக்கு 9,500 ரூபாய் கட்டிப் போலாமா வேண்டாமாங்கறதுக்குத்தான் இதை எழுதறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள்ள நடத்துனாங்க. குறையும் சொல்லப் போறதால பேர் வேண்டாம்.

விளையாட்டுக்குப் பேரு வொர்க்கிங் ஈக்விடேஷன். போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாட்டுல மாடு மேய்க்கறவங்க குதிரை மேல இருந்தே செய்யற வேலையை எல்லாம் போட்டியா மாத்தியிருக்காங்க. 1996ல முதல் ஐரோப்பியப் போட்டி நடந்துச்சு, 2004ல உலகச் சங்கம் வந்துச்சு. ஷோ ஜம்பிங் மாதிரி உசரம் தாண்டறது இதுல முக்கியமில்லை. கேட்டைத் தெறந்து மூடணும், பாலம் ஏறணும், பீப்பாயைச் சுத்தணும், கம்பத்துக்கு நடுவுல வளைஞ்சு போகணும், நீளக் கம்பால வளையத்தைக் குத்தி எடுக்கணும். முழுப் போட்டியில நாலு கட்டம். முதல்ல டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையைச் சொன்ன மாதிரி நடக்க, திரும்ப வெச்சுக் காமிக்கறது, அடுத்தது ஒவ்வொரு தடைக்கும் நடுவர் பத்துக்கு மார்க் போடற கட்டம், அதுக்கடுத்து அதே தடைகளை நேரம் பாத்து ஓட்டறது, கடைசியா மந்தையில இருந்து மாட்டைப் பிரிக்கறது.

போஸ்டர்ல நாலாவதும் உண்டுன்னு போட்டிருந்தாங்க. அங்க போனா மாடே இல்லை! காங்கேயம் மாட்டுச் சீமையை ஒட்டி நடத்திட்டு மாடு கிடைக்கலைன்னு சொல்றதை எந்த ஊர்ல கேப்பாங்க?

சேர்க்கும்போது மட்டும் கறார். கிளாண்டர்ஸ்ங்கற குதிரை நோய் இல்லைன்னு ரத்தப் பரிசோதனைச் சான்று வேணும், டெட்டனஸ் ஊசி போட்ட சீட்டு வேணும்னு சொல்லிட்டாங்க. எங்க டாக்டரு ரத்த மாதிரி எடுத்து ஹரியானாவுல ஹிசாருக்கு அனுப்பி முடிவு வர மூணு வாரம் ஆச்சு. அப்ப எரிச்சலா இருந்துச்சு. பதினோரு குதிரை பக்கத்துப் பக்கத்துல நின்னதைப் பாத்ததும் எரிச்சல் போயிருச்சு. அந்த நோய் மனுசனுக்கும் ஒட்டும், வந்த குதிரையைக் கொன்னுதான் ஆகணும். இதுல அவங்க கறாரா இருந்ததுக்குக் கும்புடறேன்.

பயிற்சி குடுத்த பொண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். என்னை "அண்ணா"ங்குது, நான் "அம்மணி"ங்கறேன். செம்பி மேல என்னை ஒரு வட்டம் போகச் சொல்லிப் பாத்துட்டு, "அண்ணா, இது வண்டியில ஓடுன குதிரைங்களா?"ன்னு கேட்டுச்சு. எப்படித் தெரிஞ்சுதுன்னேன். "நீங்க கால்ல அழுத்தறது எதுவும் அதுக்குப் புரியலைங்ணா. குரலுக்கும் கடிவாளத்துக்கும்தான் கேக்குது."

மூணு வருசமா நான் செம்பியைப் பிடிவாதக்காரின்னு வைஞ்சுட்டு இருந்திருக்கேன். வண்டி ஏர்க்காலுக்கு நடுவுல வளந்த குதிரைக்கு விலாவுல யாரு கால் வெச்சாங்க? பக்கவாட்டுல போன்னு சொல்ல ஆளே இல்லையே. 9,500ல பாதி அந்த ஒரு பேச்சுக்கே தீந்து போச்சுன்னு வெச்சுக்கறேன்.

தரையில கிடக்கற கம்பத்தை வயித்துக்குக் கீழ வெச்சுப் பக்கவாட்டா நடக்கற தடை ஒண்ணு இருக்கு. அதுல எங்களுக்கு ரெண்டு நாளும் பூஜ்ஜியம்தான். ஆனா ரெண்டு பக்கமும் கம்பு கட்டுன சந்துக்குள்ள போய், கடைசியில தொங்கற மணியை அடிச்சுட்டு, அப்படியே பின்னாலயே வெளிய வரணும்னு ஒரு தடை. குதிரைக் கிளப்புல இருந்து வந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) குதிரைக எல்லாம் இடுப்பை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வீசி, கம்பைத் தள்ளி விட்டுச்சு. செம்பி? வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பழகுன உடம்பாச்சே. நூல் புடிச்ச மாதிரி வந்தா. சைஸ் பசங்க, அதான் குதிரையைப் பாத்துக்கற பசங்க, கை தட்டுனாங்க. எம் பொண்ணு ஏழாவது படிக்கறா, அவளும் வேலி மேல ஏறி நின்னு கத்துனா.

கேட்டுங்கறது ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு கயிறு. குதிரையை அதுக்கு ஒட்டி நிறுத்தி, கயிறை எடுத்து, கையை விடாமலே உள்ள போய்த் திரும்பி மாட்டணும். கையை விட்டா மார்க் போச்சு, நெசக் கேட்டா இருந்தா மாடு வெளிய போயிரும்ல. இதுல தப்பு பண்ணுனது நான்தான். கயிறு இறுகுனதும் கையைத் தன்னால விட்டுர்றேன். பத்துத் தடவையில ஏழு தடவை. காயில் சுத்தும்போது கம்பி இறுகுனா விட்டுரணும்னு இருபது வருசப் பழக்கம், அதான்.

சாடியைத் தூக்கற தடையும் உண்டு. மேசை மேல இருக்கற தண்ணிச் சாடியைத் தலைக்கு மேல தூக்கிக் காமிச்சுட்டுத் திரும்ப வெக்கணும். இங்க சாடிக்குப் பதிலா எவர்சில்வர் சொம்பு. முக்காவாசித் தண்ணி என் சட்டைக் காலருக்குள்ள போச்சு. வெயிலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

பாலத்துக்கு வர்றேன். நீலத் தார்ப்பாய் விரிச்சு ஒரு தடை இருந்துச்சு, அதுக்குத்தான் பயப்படுவான்னு நெனச்சேன். அந்தியூர்ல பறையும் வேட்டும் ராட்டினமும் பாத்தவ, தார்ப்பாயை மூந்து பாத்துட்டு மிதிச்சுப் போயிட்டா. பலகையில மட்டும் மாட்டேன்னா மாட்டேன். வந்திருந்த ஒருத்தரு சாட்டையோட வந்தாரு, ரெண்டு போடு போட்டா ஏறிரும்னாரு. அம்மணி அவரைக் கிட்டவே விடலை. என்னை இறங்கச் சொல்லுச்சு. ஒரு பலகையை மட்டும் எடுத்துட்டு வந்து, மண்ணுல ஒட்டிப் போட்டு, அடியில மணல் அடைச்சு, சத்தம் வராம மிதிக்க விட்டுச்சு. அப்புறம் கொஞ்சம் மணலை எடுத்தாங்க. மறுபடியும் கொஞ்சம். "மூக்குக்கு நேர் கீழ அதுக்குக் கண்ணு தெரியாதுங்ணா. தலையை இழுத்துப் புடிக்காதீங்க, குனிஞ்சு பாக்கட்டும்"னு சொல்லுச்சு. நான் அதுவரைக்கும் கடிவாளத்தை இழுத்துத் தலையைத் தூக்கியே வெச்சிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு நாலு காலும் பாலத்து மேல இருந்துச்சு. இறங்கறப்ப ஒரே தாவு, நான் கழுத்தைக் கட்டிட்டேன்.

இனி குறை. பதினோரு குதிரைக்கு ஒரே பயிற்றுநர். பாலத்துல எனக்குச் செலவழிச்ச நேரமெல்லாம் மத்த பத்துப் பேரும் புளியமரத்தடியில நின்னாங்க, அவங்களும் காசு கட்டுனவங்கதான். ரெண்டாம் நாள் ஆறரைக்கு ஆரம்பம்னாங்க, பீப்பாய் கொண்டு வந்து வெச்சு முடிக்க ஒம்பதே கால். கொளுத்தற வெயில்ல குதிரையை வேகக் கட்டத்துல ஓட்டறது நியாயமில்லை. நான் ஒரு சுத்தோட நிறுத்திட்டேன். லாயத்துல வெறும் சிமெண்டுத் தரை, வைக்கோல் கேட்டா தனிக் காசு. தண்ணித் தொட்டியில பாசி. செம்பி குடிக்கவே மாட்டேன்னுட்டா, பக்கத்துத் தோப்பு பம்ப்செட்டுல இருந்து குடத்துல தூக்குனேன். ஹெல்மெட் வாடகை 200. அதுக்குள்ள அடிச்ச வாசனையை எழுத முடியாது. பைக் ஹெல்மெட்டு செல்லாதுங்கறாங்க, அது சரிதான், குதிரைக்குன்னு தனியா வாங்கிக்கங்க.

சாப்பாடு நல்லா இருந்துச்சு. பள்ளிபாளையம் சிக்கன் ஒரு நாள், கொள்ளுப் பருப்பு ஒரு நாள். கொள்ளு குதிரைக்கும் எங்களுக்கும் ஒரே மூட்டையில இருந்துதான்னு சைஸ் தம்பி சத்தியம் பண்ணுனான்.

வண்டி வாடகையோட சேத்து எனக்கு 17,000 ஆச்சு. குதிரை உங்களோடதா இருந்து, அதோட பழைய கதை உங்களுக்குத் தெரியாம இருந்தா போங்க. ஏற்கெனவே கிளப்புல பழகிச் சின்னப் போட்டி எல்லாம் பாத்தவங்களுக்கு, ஒரு ஆளு பதினோரு குதிரைங்கற கணக்குல ஒண்ணும் மிஞ்சாது. மாசி பங்குனியில கூப்பிட்டா போகாதீங்க. மார்கழியில போட்டாங்கன்னா நான் திரும்பப் போவேன். மாடு இருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுட்டு.

திரும்பி வர்றப்ப ஒண்ணு நடந்துச்சு. செம்பியை வண்டியில ஏத்தறதுக்கு எப்பவும் மண் மேடு தேடிப் பிக்கப்பைப் பின்னால ஒட்டி நிறுத்துவோம். அன்னிக்கு டிரைவரு அவசரத்துல ஏர்றதுக்குப் பலகையைச் சாய்ச்சு வெச்சுட்டாரு. நான் வேண்டாம்னு கத்தறதுக்குள்ள செம்பி தலையைக் குனிஞ்சு ரெண்டு தடவை மூந்தா. அப்புறம் டொம், டொம்னு ஏறிப் போய்ப் புல்லுக்கட்டுல வாயை வெச்சுட்டா.